கெட்டிமேளம் கேட்ட காதுக்கு பி.ஜி.எம். புரியாதா?

ஒரு சின்னப் பரீட்சை. யாரிடமாவது போய், "உனக்கு ரொம்பப் பிடிச்ச சினிமா இசை எது?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஒன்பது பேர் ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள். பாடியவர் யார், எழுதியவர் யார், படத்தில் யார் வாயசைத்தது என்று எல்லாம் கடகடவென்று வந்து விழும்.

"சரி, பாட்டு இல்லாம, வெறும் இசை?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். ஆள் ஒரு நிமிஷம் முழிப்பார். அப்புறம், "மௌன ராகத்துல கார்த்திக் வரும்போது ஒண்ணு வருமே..." என்று இழுத்துவிட்டு, வாயாலேயே தன்னன்னா போட்டுக் காட்டுவார். பேர் சொல்ல மாட்டார். சொல்ல முடியாது. ஏனென்றால் கேசட்டில் அச்சடித்த ஒரு பேர் அதற்கு இல்லை.

1986-ல் வந்த படம். நாற்பது வருஷமாகத் தமிழ்நாடே முணுமுணுக்கிற ஒரு இசை. செல்போன் வந்த புதிதில் பாதிப் பேருக்கு அதுதான் ரிங்டோன். ஆனாலும் அதைக் கூப்பிட ஒரு பேர் கிடையாது. இது என்ன நியாயம்?

இந்த வயிற்றெரிச்சல்தான் கட்டுரை. பொறுமை இருக்கிறவர்கள் தொடரலாம் :-)

பாட்டுக்கு பஸ் உண்டு, பி.ஜி.எம்.முக்கு இல்லை

திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும். சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் ஏழெட்டு இளையராஜா பாட்டு ஓடியிருக்கும். ஜன்னலுக்கு வெளியே வயல், வாழை, வாய்க்கால். உள்ளே ஜானகி. டிக்கெட் காசுக்கு இதைவிடப் பெரிய கச்சேரி எங்கேயும் கிடைக்காது.

பாட்டுக்கு இப்படிப் பல வழி இருக்கிறது. அந்தக் காலத்தில் இசைத்தட்டு, இலங்கை வானொலி, கல்யாண வீட்டு ஒலிபெருக்கி, அப்புறம் கேசட், சிடி, எஃப்.எம்., இப்போது செல்போன். படம் ஓடாமல் போனாலும் பாட்டு ஓடும். படத்தின் பேரே மறந்துபோன பிறகும் பாட்டு மட்டும் பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கும்.

பின்னணி இசைக்கு ஒரே வழிதான். படம். படத்தை மறுபடி பார்த்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு இரண்டரை மணி நேரப் படத்தில் ஐந்து பாட்டு என்றால் மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிஷம். மீதி நேரத்தில் எத்தனையோ இடங்களில் வயலின் அழுதிருக்கும், புல்லாங்குழல் கேள்வி கேட்டிருக்கும், தவில் மிரட்டியிருக்கும். இசையமைப்பாளரின் உழைப்பில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும். கடைக்கு வந்தது பாட்டு மட்டும்.

காரணம் ரசனை அல்ல, வியாபாரம். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிஷத்துச் சொச்சம்தான் பதிய முடியும். பாட்டு அதில் கச்சிதமாக உட்காரும். காட்சிக்கு ஏற்றபடி பதினைந்து செகண்ட், நாற்பது செகண்ட் என்று துண்டு துண்டாக வருகிற பின்னணி இசை உட்காராது. தயாரிப்பாளர் 'ஆடியோ உரிமை' என்று விற்றது பாட்டை. கம்பெனி வாங்கியதும் பாட்டை. எதற்குக் காசு கைமாறியதோ அதற்குத்தான் பேர் வைத்தார்கள், அட்டை போட்டார்கள், நம்பர் போட்டார்கள்.

பி.காம். படிக்கிற மக்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கும். ஆமாம், குட்வில்! காசு கொடுத்து வாங்கின நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டலாம். தானாக, வருஷக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த நற்பெயரைக் காட்டக் கூடாது. கணக்கியல் தரம் 26 அப்படித்தான் சொல்கிறது. கடைக்கு ஆள் வருவது என்னவோ அந்த நற்பெயரால்தான். ஆனால் ஏட்டில் அது பூஜ்யம். தமிழ் சினிமாவின் பின்னணி இசை, ஏட்டில் ஏறாத அந்த குட்வில்.

"நம்ம ஜனங்களுக்கு வார்த்தை வேணும்ப்பா"

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "நம்ம ஆளுங்களுக்குப் பாட்டு வேணும். வார்த்தை வேணும். வெறும் இசையைக் கேக்கிற பழக்கம் நம்மகிட்ட கிடையாது. அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்."

சொல்கிறவர் படித்தவராகவும் இருப்பார். ஆனால் அண்ணாச்சி தப்பாகச் சொல்கிறார். தாமிரபரணிக் கரையில் பிறந்து வளர்ந்த யாரும் இதை ஒத்துக்கொள்ளக் கூடாது.

கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். யாரோ விரலை ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்துகிறார். நாதஸ்வரமும் தவிலும் ஒரே பாய்ச்சலாகப் பாய்கின்றன. அட்சதை பறக்கிறது. சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்கப் போனவர்கூட அந்தச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கிறார். மணமேடை அவர் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் தாலி ஏறியாச்சு என்பது தெரியும்.

இதில் ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. அந்த நொடியில் யாராவது தும்மினாலும், அபசகுனமாக எதையாவது சொன்னாலும் காதில் விழக் கூடாது என்பதற்காகவும்தான் அந்த வேகம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காட்சியின் உச்சத்தை அடையாளம் காட்டணும், வேண்டாத சத்தத்தை மறைக்கணும், பார்க்கிறவர் நெஞ்சைத் தூக்கணும். பின்னணி இசைக்கு வேறு என்ன இலக்கணம் வேண்டும்?

கோயிலுக்குப் போனாலும் இதே கதைதான். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. நாதஸ்வரக்காரர் எதை எப்போது வாசிக்கணும் என்பதற்கு முறை உண்டு. தினமும் கோயிலுக்குப் போகிற ஆச்சிக்கு ராகத்தின் பேர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே நின்றே, "சாமி கிளம்பிட்டு, சீக்கிரம் வா" என்று பேத்தியை இழுத்துக்கொண்டு ஓடத் தெரியும்.

இன்னும் கொஞ்சம் ஊருக்குள்ளே போனால் கொடை. சுடலைமாடன் கோயிலிலும் இசக்கியம்மன் கோயிலிலும் கொடை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குடியழைப்புக்கு ஒரு அடி, மதியக்கொடைக்கு ஒரு அடி, சாமக்கொடைக்கு ஒரு அடி. நையாண்டி மேளத்தில் நாதஸ்வரம், தவிலோடு பம்பையும் கிடுகிட்டியும் சேர்ந்துகொள்ளும். வில்லுப்பாட்டில் உடுக்கும் குடமும் கதையைப் பின்னாலிருந்து தள்ளும். சுடலைமாடன் கொடை என்றால் கணியான் கூத்து இருக்கும். அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டின ஆண்கள் ஆட, உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம் பேசும். கதை உச்சத்துக்குப் போகப் போகப் பாட்டு குறையும், அடி கூடும். ஒரு கட்டத்தில் வார்த்தையே இருக்காது. மகுடம் மட்டும்தான். அந்த நேரத்தில்தான் சாமியாடிக்கு அருள் வரும்.

அதாவது, கதையில் மிக முக்கியமான இடத்தில் வார்த்தை போதாது, இசைதான் வேண்டும் என்று இந்த ஊர் சினிமா வருவதற்கு முன்னாலேயே முடிவுசெய்து வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட காதுக்காரர்களைப் பார்த்து "உங்களுக்கு பி.ஜி.எம். புரியாது" என்றால் எப்படி?

காருகுறிச்சி சொன்ன சாட்சி

சேரன்மகாதேவியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில் ஒரு ஊர், காருகுறிச்சி. மண்பாண்டத்துக்கும் பேர் போன ஊர். ஆனால் உலகத்துக்கு அந்தப் பேரைச் சொன்னவர் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். 1921-ல் பிறந்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964-ல், 43 வயதுக்குள், போய்விட்டார். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1962-ல் 'கொஞ்சும் சலங்கை' வந்தது. இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. அதில் 'சிங்கார வேலனே தேவா' பாட்டு. திரையில் ஜெமினி கணேசன் வாசிக்க, சாவித்திரி பாடுவார். உண்மையில் வாசித்தது அருணாசலம், பாடியது எஸ். ஜானகி. ஆபேரி ராகம். அறுபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இன்றைக்கும் மேடையில் ஜானகியம்மா பேரைச் சொன்னதும் அதைத்தான் கேட்பார்கள்.

"இது பாட்டுதானே, பின்னணி இசை இல்லையே?" என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அந்தப் பாட்டை ஒரு தடவை கவனித்துக் கேளுங்கள். நாதஸ்வரம் அங்கே துணைக்கு வரவில்லை. குரலுக்குச் சமமாக எதிரே நிற்கிறது. குரல் ஒரு படி ஏறினால் அது ஒரு படி ஏறுகிறது. வார்த்தை ஒரு வார்த்தையும் சொல்லாத ஒரு குழல், வார்த்தை உள்ள குரலோடு சரிக்குச் சரி பேசுகிறது. ஜனங்கள் அதை ரசிக்கவில்லையா? கேட்டுக் கேட்டு இசைத்தட்டைத் தேய்த்தார்களே!

1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' இன்னொரு சாட்சி. அதில் சிவாஜி வாசிப்பதாக வருகிற நாதஸ்வரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. பாட்டே இல்லாமல் நாதஸ்வரமும் தவிலும் மட்டும் ஓடுகிற இடங்களில் தியேட்டரை விட்டு யாரும் முறுக்கு வாங்க எழுந்து போகவில்லை. நம்ப முடியாவிட்டால் வீட்டில் தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, கேட்கிற ஆளிடம் குறை இல்லை. விற்கிற ஆள் கடையில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சின்னப் பட்டியல்

பாட்டு கிடைக்காத இடத்தில், அல்லது பாட்டுக்கு வெளியே, இசை தன் காலில் நின்ற சில படங்கள். முழுப் பட்டியல் இல்லை. சண்டைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம்.

1. பேசும் படம் (1987). சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி, கமல்ஹாசன் நடித்தது. படம் முழுக்க வசனம் கிடையாது. எல். வைத்தியநாதன் இசை. இதில் ஒரு அருமையான இடம் உண்டு. சினிமா தியேட்டர் பக்கத்தில் குடியிருந்து, சண்டைக் காட்சியின் சத்தத்திலேயே தூங்கிப் பழகின நாயகனுக்கு, பெரிய ஹோட்டலின் அமைதியில் தூக்கம் வராது. திரும்பிப் போய் அந்தச் சத்தத்தை டேப்பில் பதிந்துகொண்டு வந்து, அதைப் போட்டுவிட்டுத் தூங்குவார். சிரிப்புக் காட்சிதான். ஆனால் மனுஷனுக்கு அவன் ஊர்ச் சத்தம் எவ்வளவு முக்கியம் என்று இதைவிட நன்றாக ஒரு படமும் சொல்லவில்லை.

2. வீடு (1988). பாலு மகேந்திரா. பாட்டே இல்லாத படம். இளையராஜா 1986-ல் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்' என்ற ஆல்பத்திலிருந்த இசையை எடுத்துப் படத்துக்குப் பயன்படுத்தினார்கள். பாதி கட்டின வீட்டைப் பார்க்க அந்தத் தாத்தா, சொக்கலிங்க பாகவதர், தனியாக வருவார். சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். பேச்சு இல்லை. நடுத்தர வர்க்கத்து வீட்டில் லோன் போட்டு வீடு கட்டினவர்கள் இந்தக் காட்சியைக் கண் கலங்காமல் பார்த்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள். மற்ற படங்களின் பின்னணி இசை படத்தோடு போய்விட்டது. 'வீடு' படத்து இசையை மட்டும் இன்றைக்கும் தனியாகக் கேட்க முடிகிறது. ஏன்? அது முதலில் ஆல்பமாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரோடு, கடைக்கு வந்ததால்.

3. பம்பாய் (1995). ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுகளோடு சேர்த்து, வார்த்தையே இல்லாத ஒரு 'தீம்' இசையையும் கேசட்டில் வைத்தார்கள். அந்த ஒரு துண்டு எங்கெல்லாம் போனது தெரியுமா? பாலஸ்தீன இயக்குநர் எலியா சுலைமானின் 'டிவைன் இன்டர்வென்ஷன்' (2002) படத்துக்குள் போனது. நிகோலஸ் கேஜ் நடித்த 'லார்ட் ஆஃப் வார்' (2005) படத்துக்குள் போனது. படத்தின் ஒரு வசனமும் புரியாத நாடுகளில்கூட அந்த இசை புரிந்தது. ஒரு பேர் வைத்து, ஒரு இடம் கொடுத்ததற்கே இவ்வளவு தூரம்!

4. ஓநாயும் ஆட்டுக்குட்டியும் (2013). மிஷ்கின் படம். பாட்டு கிடையாது. டைட்டிலில் 'பின்னணி இசை' என்று போடவில்லை. 'முன்னணி இசை: இளையராஜா' என்று போட்டார்கள். அந்த இசை தனி ஆல்பமாகவும் வந்தது. ஒரு எழுத்தை மாற்றினதில் எவ்வளவு மரியாதை பாருங்கள்.

5. பரியேறும் பெருமாள் (2018), கர்ணன் (2021), வாழை (2024). மூன்றும் மாரி செல்வராஜ், மூன்றுக்கும் சந்தோஷ் நாராயணன். மூன்றும் தாமிரபரணிச் சீமையின் கதை. இவற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசணும்.

நம்ம மேளம், யாருடைய பேர்?

ரொம்ப காலமாகத் தமிழ் சினிமாவில் 'கிராமம்' என்றால் ஒரே சத்தம்தான். ஒரு புல்லாங்குழல், கூடவே ஒரு தபேலா. திருநெல்வேலியாக இருந்தாலும் தேனியாக இருந்தாலும் அதே புல்லாங்குழல். பேச்சில் மட்டும் "ஏலே" போட்டுவிட்டால் நெல்லை ஆகிவிடும் என்று ஒரு நினைப்பு.

மேலே சொன்ன மூன்று படங்களும் அதை மாற்றின. பறையும் உறுமியும் ஒப்பாரியும் அலங்காரத்துக்காக வரவில்லை, கதையாகவே வந்தன. 'கர்ணன்' தொடக்கத்தில் ஒரு சிறுமி ரோட்டு நடுவில் விழுந்து கிடப்பாள், பஸ் நிற்காமல் போகும். அங்கிருந்து 'கண்டா வரச் சொல்லுங்க' என்று கிடாக்குழி மாரியம்மாளின் குரல் எழும்பும்போது, அது சினிமாப் பாட்டாகக் கேட்காது. கொடையில் நிற்கிற மாதிரி இருக்கும். 'வாழை' முடிவில் வருகிற ஒப்பாரியும் அப்படித்தான். வாழைத்தார் சுமந்த ஜனங்களின் துக்கத்தை வயலினை வைத்து மட்டும் சொல்லியிருந்தால் பாதிதான் சொல்லியிருக்க முடியும்.

'பரியேறும் பெருமாள்' நாயகனின் அப்பா ஞாபகம் இருக்கிறதா? பெண் வேஷம் கட்டி ஆடுகிற கலைஞர். அந்த வேஷத்தில் நடித்த நெல்லை தங்கராஜ் நிஜத்திலும் அப்படி ஆடின நாட்டுப்புறக் கலைஞர்தான். 2023-ல் இறந்துபோனார். படத்தில் அவரை அவமானப்படுத்துகிற காட்சியைப் பார்த்துத் தியேட்டரே உறைந்து உட்கார்ந்தது. ஆனால் நிஜ வாழ்க்கையில் அந்த மாதிரி ஆட்டக்காரர்களுக்கும் மேளக்காரர்களுக்கும் கிடைக்கிற மரியாதை என்ன? கொடை முடிந்ததும் வேட்டி, துண்டு, பேசின காசு. பல ஊர்களில் அந்தப் பேசின காசுக்கும் இழுபறி.

இங்கேதான் பின்னணி இசையின் விஷயம் வெறும் ரசனைப் பிரச்சினையாக இல்லாமல் போகிறது. பாட்டு என்றால் பாடினவர் பேர் உலகத்துக்கே தெரியும். பின்னணி இசையில் அந்த நாதஸ்வரம் வாசித்தது யார், அந்த உறுமி அடித்தது யார்? பெரும்பாலான படங்களில் டைட்டிலிலும் தேட முடியாது, கேசட் அட்டையிலும் தேட முடியாது. இசைக்கே பேர் இல்லாதபோது இசைத்தவருக்கு எங்கிருந்து பேர் வரும்?

அரசாங்கமும் சட்டமும்

தேசிய விருதில் ரொம்ப நாள் 'சிறந்த இசை' என்று ஒரே விருதுதான். 1990-களில் ஒரு தடவை மலையாள 'சுக்ருதம்' படத்துப் பின்னணி இசைக்காக ஜான்சனுக்குத் தனியாகக் கொடுத்தார்கள். அப்புறம் 2009-ம் வருஷத்துப் படங்களிலிருந்துதான் பாட்டுக்கு ஒன்று, பின்னணி இசைக்கு ஒன்று என்று பிரித்தார்கள். அந்த வருஷம் பின்னணி இசை விருது வாங்கினவர் இளையராஜா, 'பழசிராஜா'வுக்காக. 63-வது விருதுகளில், கரகாட்டக் குழுவின் கதையான 'தாரை தப்பட்டை'க்காக மறுபடியும் அவரே. பிறகு 'சூரரைப் போற்று'க்கு ஜி.வி. பிரகாஷ், 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்துக்கு ரஹ்மான்.

சட்டமும் ஒரு அடி முன்னால் வந்தது. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். படத்துக்காக எழுதின பாட்டோ இசையோ, தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர வேறு வழிகளில் பயன்பட்டால், அதை உருவாக்கினவருக்கு ராயல்டியில் சமபங்கு உண்டு. அந்த உரிமையை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தனியாக வெளிவராத, பேரே இல்லாத ஒரு இசைக்கு யார் எதை எண்ணிக் கணக்குப் பார்ப்பது? வவுச்சர் இல்லாத செலவு மாதிரிதான் அதுவும். கணக்கில் ஏறாது.

எதிர்க்கட்சிக்குப் பதில்

இரண்டு கேள்விகள் நிச்சயம் வரும்.

முதல் கேள்வி: "படத்தோட சேர்ந்து கேட்டாத்தான் பி.ஜி.எம். நல்லாருக்கும். தனியாக் கேட்டா போரடிக்காதா?"

சிலது போரடிக்கும்தான். எல்லாப் பாட்டும் நன்றாகவா இருக்கிறது? ஆனால் 'பம்பாய்' தீமும் 'மௌன ராகம்' இசையும் போரடிக்கவில்லையே. இளையராஜா 2025 மார்ச்சில் லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினபோது ஊரெல்லாம் கொண்டாடியது. நியாயமான கொண்டாட்டம். ஆனால் 1976-ல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து அவர் வயலின்களையும் செல்லோக்களையும் குழல்களையும் வைத்து எழுதியதை டூரிங் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து கேட்டவர்கள் இந்த ஊர் ஜனங்கள். அதற்குப் பேர் சிம்பொனி என்று யாரும் சொல்லாததால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது கேள்வி: "இப்போ எல்லாமே பி.ஜி.எம். தானே? ஹீரோ நடந்தா பி.ஜி.எம்., திரும்பினா பி.ஜி.எம். ராம் தியேட்டர்ல முதல் நாள் போய்ப் பாரும்வே, காது கிழியும்."

உண்மைதான். இப்போது சில பெரிய படங்களின் பின்னணி இசையைத் தனி ஆல்பமாகவே வெளியிடுகிறார்கள். வரவேற்க வேண்டிய விஷயம். ஆனால் வெளிவருகிறதில் பெரும்பகுதி ஹீரோ என்ட்ரி. இடைவேளை வரைக்கும் ஒரே கெட்டிமேளம். தாலி கட்டும்போது மட்டும் அடித்தால்தான் அது கெட்டிமேளம். மாப்பிள்ளை பல் தேய்க்கும்போதும் அடித்தால்? தாலி கட்டுகிற நேரத்தில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். மேளம் எவ்வளவு முக்கியமோ, அது எப்போது நிற்கணும் என்பதும் அவ்வளவு முக்கியம். கொடை மேளக்காரருக்கு இது தெரியும். ஐநூறு வாட்ஸ் சவுண்ட் கார்டுக்குத் தெரியாது.

கடைசியாக

பழைய படங்களில் வசனம், இசை, சத்தம் எல்லாம் ஒரே ஒலித்தடத்தில் கலந்து கிடக்கும். தனியாகப் பதிந்த இசை நாடா கிடைக்காவிட்டால் அந்த இசை வசனத்துக்கு அடியிலேயே புதைந்து போகும். ரசிகர்கள்தான் வசனம் இல்லாத இடமாகப் பார்த்துப் பத்து செகண்ட், இருபது செகண்ட் என்று வெட்டி எடுத்து, அவர்களே ஒரு பேர் வைத்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். சம்பளம் இல்லாமல் ஒரு நூலகம் கட்டின மாதிரி. இப்போது வசனத்தையும் இசையையும் பிரித்தெடுக்கிற மென்பொருள்கள் வந்துவிட்டன. மனசு இருந்தால் வழி இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் வேண்டாம். மூன்றே மூன்று விஷயம். படத்துக்குப் பாட்டு வெளியிடுகிற கம்பெனிகள் பின்னணி இசையையும், ஹீரோ என்ட்ரியை மட்டும் இல்லாமல் அழுகிற இடத்தையும் சேர்த்து, பேர் வைத்து வெளியிடட்டும். வாசித்தவர்கள் பேரை டைட்டிலில் போடட்டும். சென்னை ஸ்டூடியோ வயலின்காரரானாலும் சரி, நெல்லையிலிருந்து போன மேளக்காரரானாலும் சரி. பார்க்கிறவர்கள், அடுத்த தடவை பிடித்த படத்தைப் பார்க்கும்போது பிடித்த ஒரு காட்சியை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுப் பார்க்கட்டும்.

கண்ணை மூடினாலும் கதை புரிகிறதா? அழுகை வருகிற இடத்தில் அழுகை வருகிறதா? அப்படியென்றால் பந்தியில் உட்கார்ந்துகொண்டே தாலி ஏறினதைத் தெரிந்துகொண்ட அந்த மனுஷர் மாதிரிதான் உங்களுக்கும். காது எப்போதோ தயாராக இருக்கிறது. பேர் வைக்க வேண்டியதுதான் பாக்கி.